கொழுந்தனின் தனிக்குடித்தனம்

நான் கல்யாணமாகி வில்லாபுரத்துக்கு வந்த மறுநாள் காலையில், கிணற்றடியில் என் மாமியார் மீசை வைத்த ஒரு ஆம்பளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அது என் கொழுந்தன், வீட்டுக்காரருக்கு அடுத்துப் பிறந்தவன். வயது இருபதைத் தாண்டியிருக்கும். எழுபதுகளின் நடுவில் நடந்த கல்யாணம் அது. பெண் பார்க்க வந்தபோதே, "வீட்டுல கொஞ்சம் வெவரம் பத்தாத பையன் ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லித்தான் பேசி முடித்தார்கள். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஆனால் விவரம் பத்தாது என்றால் அவனால் எது முடியும், எது முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அது அவர்களுக்கே தெரியாது என்பது எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது.

குடத்தோடு வந்து நின்ற என்னைப் பார்த்ததும் அவன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, இடுப்புத் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மாமியார் அவன் தோளைப் பிடித்து, "இங்கிட்டுத் திரும்புய்யா, நெஞ்சுல சோப்புப் போகல" என்று இழுத்தார். அவன் அசையவில்லை. நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அவனுக்கு வெக்கமெல்லாம் ஏது? சின்னப் புள்ள மாதிரிதானே" என்றார்.

"இருக்குங்க. நான் கண்ணால பாத்தேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே தென்னங்கீற்றும் கம்பும் வாங்கிவந்து கிணற்றடியில் ஒரு தட்டி கட்டினார். மாமியார் எதற்கென்று கேட்டார். "வெட்டவெளியில குளிக்க எனக்குக் கூச்சமா இருக்கு அத்தை" என்றேன். அதுவும் பொய் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு காலை, மாமியார் வாசலில் கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கொழுந்தன் துண்டை எடுத்துக்கொண்டு தட்டிக்குள் போய்விட்டான். மாமியார் திரும்பி வந்தபோது உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் அடுக்களையில் அவர் கண்முன்னால் நின்றேன்.

"உள்ள யாரு?"

"நாந்தேன்."

"நாந்தேன்னா? நில்லு, வாரேன்."

"வராத" என்றான் அவன்.

காதில் சோப்பு நுரையோடு, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தான். மாமியார் முந்தானையால் காதைத் துடைத்துவிட்டார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை பிறந்த நாள் முதல் ஒரு வேளை தவறாமல் செய்துவந்த வேலை அது. அன்றைக்கு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஒவ்வொன்றாகப் பழக்க ஆரம்பித்தேன். எப்படிப் பழக்குவது என்று எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. வாயால் சொன்னால் அவனுக்கு ஏறாது. செய்து காட்டினால் ஏறும், அதுவும் தினமும் ஒரே வரிசையில் செய்தால்தான். வரிசை மாறினால் அத்தனையும் கலைந்துபோய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'சீக்கிரம்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவான். பிறகு எழுப்ப முடியாது. நான் பொதுவாக அவசரக்காரி. அந்த வார்த்தையை விடுவதற்கு எனக்கு எம்புட்டு நாள் ஆனதோ, கிட்டத்தட்ட அவ்வளவு நாள் அவனுக்குச் சட்டை போடப் பழகுவதற்கும் ஆனது. மேலிருந்து பித்தான் போட்டால் எங்கேயாவது ஒன்று தப்பிவிடும். கீழிருந்து மேலே போட்டால் சரியாக வருகிறது என்று கண்டுபிடித்தது நான் இல்லை, அவனேதான். இரண்டு முனையையும் ஒட்டிப் பிடித்து, கீழ்ப் பித்தானைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அடுப்பில்தான் சிக்கல் வந்தது. திரி ஸ்டவ்வில் பால் காய்ச்சக் காட்டிக்கொடுத்தேன். சில நாள் நன்றாகத்தான் செய்தான். ஒரு நாள் பால் பொங்கி வர, பதறிப்போய் வெறுங்கையால் பாத்திரத்தைப் பிடித்துவிட்டான். உள்ளங்கை வெந்துவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் மாமியார் ஓடிவந்தார். கைக்கு மருந்து போட்டு, அவனைப் படுக்கவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒனக்குன்னு ஒண்ணப் பெத்து, அதுகிட்டப் பழகிப் பாரு தாயி. எம்புள்ளகிட்ட வேணாம்."

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம். குழந்தை இல்லை. நான் அடுக்களைக்குள் போய் அரிசி களைந்தேன். கண்ணீர் அரிசித் தண்ணீரோடு போனது.

அந்தத் தைப்பொங்கலுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் இருந்த என் அம்மா வீட்டுக்குப் போனேன். கோபித்துக்கொண்டு போகவில்லை; வழக்கமாகப் போகிறதுதான். ஆனால் வழக்கத்தைவிட அதிக நாள் இருந்தேன். திரும்பி வந்து பையைக் கீழே வைக்கும் முன்பே, மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்.

"எனக்குக் காச்ச. எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். பெரியவென் வேலைக்குப் போயிட்டான். இவன் போயி ஸ்டவ்வப் பத்தவச்சுக் காப்பி போட்டுக் கொண்டாந்தான்."

"கையில பட்டுச்சா அத்தை?"

"இல்ல. கரித்துணியப் பிடிச்சுத்தேன் எறக்குனான். நான் படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"காப்பி எப்படி இருந்துச்சு?"

"அம்புட்டும் சீனி. நாக்குல வைக்க முடியல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முழுசாக் குடிச்சேன்" என்றார்.

அன்று ராத்திரிச் சமையலுக்கு ஸ்டவ்வைப் பற்றவைக்க நான் போனபோது, "அவனக் கூப்பிடு, பத்தவப்பான்" என்றார். எங்களுக்குள் சமாதானம் என்று தனியாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வார்த்தையே போதுமானதாக இருந்தது.

எங்கள் தெரு முனையில் ஒரு பாய் பேக்கரி வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் விறகு போட்டு எரிக்கிற பெரிய அடுப்பு. பன் வேகிற வாசனைக்காகவோ என்னவோ, கொழுந்தன் தினமும் அங்கே போய் நிற்பான். பாய் அவனை விரட்ட மாட்டார். ஒரு நாள் அவன் சட்டையெல்லாம் எண்ணெயாக வந்தான். பன் அடுக்குகிற தகரத் தட்டுகளைத் துடைத்து எண்ணெய் தடவினானாம். மறுநாளும் போனான். அந்த வாரக் கடைசியில் பாயே வீட்டுக்கு வந்தார்.

"ஆத்தா, ஒங்க மகன வேலைக்கு வச்சுக்கலாம்னு இருக்கேன்" என்றார் மாமியாரிடம்.

மாமியாருக்கு நெருப்பை நினைத்துப் பயம். "கிட்டக்க இருந்து பத்தரமாப் பாத்துக்குவீகளா பாய்?"

"அடுப்புக்கிட்ட விடமாட்டேன். ஆனா அவனப் பாத்துக்கிறதுக்கு எனக்கு நேரம் இல்லத்தா. அவன் வேலயப் பாக்கட்டும். ஒழுங்காப் பாத்தா இருக்கட்டும், இல்லாட்டி அனுப்பிருவேன்."

அவர் போனதும், "என்ன இந்த மனுசன் இப்படிப் பேசுறாரு?" என்று மாமியார் வருத்தப்பட்டார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வேலைக்கு வைத்துக்கொள்ளவும் வேலையை விட்டு நிறுத்தவும் தகுந்த ஆள் என்று அவனை அதுவரை யாரும் நினைத்ததில்லை.

பாய் சொன்னபடி ஒரு தடவை நிறுத்தவும் செய்தார். அங்கே வேலை பார்த்த ஒருவன் விளையாட்டுக்காக, எண்ணெய் தடவிய தட்டையும் தடவாத தட்டையும் கலந்து வைத்துவிட்டான். கொழுந்தன் மொத்த அடுக்கையும் தூக்கி வீசிவிட்டான். சுட்டு ஆறவைத்திருந்த பன்னெல்லாம் தெருவில் உருண்டது. "நாளைலருந்து வரவேணாம்" என்று பாய் அனுப்பிவிட்டார்.

கொழுந்தன் வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்காரர், "நான் போயிப் பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். போகச் சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது. மாமியார்தான் தடுத்தார். "அவர்தான் மொதல்லயே சொன்னாருல்ல. நாம போயி நின்னா நல்லா இருக்காது."

சில நாள் போனது. ஒரு காலை அவன் தானாக எழுந்து, குளித்து, கீழிருந்து மேலாகப் பித்தான் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினான். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், எதிரே காய்கறி வண்டியில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி நின்றேன். கடைவாசலில் அவன் நிற்க, பாய் நிமிர்ந்து பார்க்காமல் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"எதுக்கு வந்த?"

"தட்டு."

"மறுபடி எறிவியா?"

"எறிய மாட்டேன். அவன் கலச்சா ஒங்ககிட்டச் சொல்றேன்."

பாய் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "கையக் கழுவிட்டு உள்ள போ" என்றார். உள்ளேயிருந்து ஒரு குரல், "வா மாப்ள!" என்றது. தட்டைக் கலைத்தவனேதான். அதற்குள் நான் தேவையில்லாமல் ஒரு பை நிறையக் கத்தரிக்காய் வாங்கிவிட்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. அதற்குள் எங்களுக்கு ஒரு பெண் பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். எல்லாரும் போவது என்றுதான் பேச்சு. சாமான் கட்ட ஆரம்பித்த அன்று கொழுந்தனின் சட்டைகளை எடுத்து மடித்தேன். அவன் அதைப் பிடுங்கிக் கொடியில் போட்டான்.

"நா வரல மதினி."

"ஏன் தம்பி?"

"வேலை இருக்குல்ல."

மாமியார் உடனே, "அப்ப நானும் இங்கனயே இருந்துக்கிறேன். நீங்க போங்க" என்றார்.

அவன் யோசித்தான். அவன் யோசிக்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும்; யாரும் குறுக்கே பேசக் கூடாது.

"நீ அண்ணேங்கூடப் போம்மா. நீ இருந்தா எனக்குச் சோறு ஊட்டுவ."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். அவன் தன் காலில் நிற்க வேண்டும் என்று அத்தனை வருஷம் பாடுபட்டவள் நான். நின்றுகொண்டு, 'நீங்கள் போங்கள்' என்று அவன் சொல்வான் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பாய் பேக்கரியிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு வளவுக்குள் ஒற்றை அறை பார்த்துக்கொடுத்தார். நாலைந்து குடித்தனத்துக்கு ஒரே கிணறு. நாங்கள் கிளம்புவதற்கு முன்பு அவனை அங்கே குடிவைத்து, பகலெல்லாம் நான் கூட இருந்து பழக்கினேன். சாவியை எங்கே வைத்தாலும் தொலைத்தான். கடைசியில் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டோம். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். குழம்பு வைக்கப் பிடிவாதமாக மறுத்தான். தயிரும் ஊறுகாயும் போதும் என்றான். சரி, அவன் வயிறு, அவன் விருப்பம் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷ வெயில் காலத்தில் பாய் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், கொழுந்தனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். காமாலை. உடம்புக்கு முடியவில்லை என்று யாரிடமும் சொல்லத் தெரியாமல், விழுகிற வரைக்கும் வேலைக்குப் போயிருக்கிறான். பாய் வீட்டில் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரிக்கும் காட்டினோம், கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தோம். மாமியார் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கஞ்சியை அவரே ஊட்டினார். அவனும் பேசாமல் வாங்கிக்கொண்டான். இனி இவன் இங்கேதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்காரரும் வில்லாபுரம் அறையைக் காலிபண்ணுவது பற்றிப் பேசினார்.

கண் வெளுத்து, நடக்கத் தெம்பு வந்தபின் ஒரு மத்தியானம், மாமியார் சோறு பிசைந்து கையை நீட்டினார். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மாமியார் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து, கை கழுவிக்கொண்டு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை இவனக் கொண்டுபோயி விட்டுட்டு வாங்க" என்றார் மகனிடம்.

"அம்மா, மறுபடி மேலுக்கு முடியாமப் போனா?"

"சொல்லப் பழக்கு. ஒம்பொண்டாட்டி எம்புட்டோ பழக்குனா. இதயும் பழக்கட்டும்."

அப்படியே செய்தோம். சாப்பாடு பிடிக்கவில்லை, தலை வலிக்கிறது, உடம்பு சுடுகிறது என்றால் முதலில் பாயிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவனைப் பேக்கரிக்கே நடத்திக்கொண்டுபோய், பாய் முன்னால் நிறுத்திச் சொல்லவைத்தேன். அதற்குப் பிறகு தும்மல் வந்தாலும் போய்ச் சொல்கிறான் என்று பாய் குறைபட்டுக்கொண்டார்.

சில வருஷத்தில் நாங்கள் மதுரைக்கே திரும்பினோம். பழங்காநத்தத்தில் வீடு அமைந்தது. அவனுக்கும் சேர்த்துத்தான் வீடு பார்த்தோம். அவன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மதினி" என்றான். அதோடு வில்லாபுரத்துக்கே போய்விட்டான். பேக்கரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவியதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மாமியாருக்கு அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது. அவன் காலடிச் சத்தத்தை வைத்தே கேட்டார்.

"அதுக்குள்ளயா? கொஞ்சம் படுத்து எந்திரிச்சுப் போகலாம்ல."

"துணி காயப்போட்டுருக்கேன்மா. மழை வர்ற மாதிரி இருக்கு" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தான்.