அவகாடோ மரத்துக்குக் கொடுத்த தவணை

அம்பிட்டியச் சரிவில் எந்த வீட்டு வளவில் என்ன மரம் நிற்கிறது, அதில் எந்தக் கொப்பு இந்த வருடம் பட்டுப்போகும் என்பதெல்லாம் வடிவம்மாவுக்கு அத்துப்படி. கிராம சேவகருக்குக்கூட அவ்வளவு தெரியாது. வயது ஐம்பத்துநான்கு. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணம் கட்டிக் கண்டிக்கு வந்தவள். விடியற்காலையில் இடியப்பம் அவித்து நகரத்தில் இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். வீட்டில் காஸ் அடுப்பும் உண்டு. அதில் தேத்தண்ணி மட்டும்தான். அத்தனை தட்டு இடியப்பத்தையும் அதில் அவித்தால் சிலிண்டர் விற்பவர்தான் பிழைப்பார், வடிவம்மா பிழைக்க மாட்டாள்.

ஆகவே விறகு. அதுவும் கடையில் கட்டுக் கட்டாக விற்கும் நல்ல விறகு அல்ல. வீட்டு வளவுகளில் வெட்டிப்போடும் மா, ஜம்பு, முருங்கை, அவகாடோ என்று விறகு வியாபாரிகள் மூக்கைச் சுளிக்கிற ரகம். கொடுப்பவர்களுக்குக் குப்பை போனால் சரி. எடுப்பவள் வளவைக் கூட்டிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

ஒவ்வொரு மரத்தைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. மா சொன்ன வேலையைச் செய்யும். ஜம்பு கஞ்சத்தனமாக எரியும், ஆனாலும் நெடுநேரம் நிற்கும். முருங்கை ஊரைக் கூட்டிப் புகைந்துவிட்டுப் பானை சுடுவதற்குள் சாம்பலாகிவிடும். பருத்தாலும் தூணாகாத அது கொள்ளியாகவும் ஆகாது. அவகாடோ இரண்டும் கெட்டான். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் எரியும், ஈரம் இருந்தால் இடியப்பத்தை விட்டுவிட்டு நம் கண்ணைத்தான் அவிக்கும்.

பிளப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பலசாலிகள் கட்டையின் நடுவில் ஓங்கிப் போட்டு, கோடரியைப் புதைத்துவிட்டு இழுத்துக்கொண்டு நிற்பார்கள். வடிவம்மா கட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் முகத்தில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று முதலில் பார்ப்பாள். பிறகு ஓரத்திலிருந்து சிராய் சிராயாகக் கழற்றிக்கொண்டு போவாள். கணு வந்தால் வம்புக்கே போவதில்லை. அதை அப்படியே முழுசாக அடுப்புக்குள் தள்ளிவிடுவாள்.

போன வருடம் செப்டெம்பரில் அவளுடைய தகரக் கொட்டிலில் விறகு முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அக்டோபர் மழைக்கு முன் அடுக்கு கூரையைத் தொடாவிட்டால் அடுப்பு நின்றுபோகும். கடைக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். கீழ்த்தெருவில் இன்னொருத்தி இடியப்ப உரலோடு தயாராக இருந்தாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அந்த நேரத்தில்தான் நவரட்ணராஜா அவளைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தார், ஓய்வுபெற்ற பொறியியலாளர், முப்பது வருடமாகக் கண்டிவாசி. அவர் வளவில் ஒரு அவகாடோ மரம் ஒன்பது வருடமாகக் காய்க்காமல், இலைகளைக் கொட்டிக் கூரைப் பீலியை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது. தான் கண் சிகிச்சைக்காக ஒரு கிழமை கொழும்புக்குப் போவதாகவும், திரும்பி வரும்போது மரம் நிற்கக் கூடாதென்றும், அடியிலிருந்து நுனிவரை அவளே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வடிவம்மா மனதுக்குள் அந்த மரத்தைப் பிளந்து அடுக்கியே விட்டாள். மூன்று மாத விறகு.

அவர் கார் வளைவில் மறைந்ததும் அவர் மனைவி கமலாசனி வெளியே வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், மெல்லிய குரல்.

"வெட்ட முன்னம் ஒருக்கா வெருட்டிப் பாப்பம், வடிவம்மா. என்ரை மனம் ஆறட்டும்."

வடிவம்மாவுக்கு அந்த வழக்கம் புதிதல்ல. காய்க்காத மரத்தின் முன்னால் ஒருவர் கோடரியோடு வந்து வெட்டப்போவதாக மிரட்டுவார், இன்னொருவர் குறுக்கே நின்று மறிப்பார், மரம் பயந்து காய்க்கும். தோட்டத்தில் அவள் அப்பா ஒரு எலுமிச்சையை அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தார். ஐந்து நிமிடக் கூத்து, டீச்சரின் மனம் ஆறினால் பிறகு நிம்மதியாக வெட்டலாம் என்று அவள் கோடரியைத் தூக்கினாள். தின்ற உரத்துக்குக் கணக்குக் கேட்டாள், சோம்பேறி என்று திட்டினாள், அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டினாள். கமலாசனி ஓடிவந்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வருகிற வருடம் காய்க்கும், தான் பிணை என்றார். அப்பா சொன்ன அடுத்த வரி வடிவம்மாவின் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"சரி, ஒரு வருசம் தவணை தர்றேன். பொழச்சுப் போ."

சொன்ன பிறகுதான் வாக்குக் கொடுத்துவிட்டது அவளுக்கு உறைத்தது. கமலாசனி சேலையில் ஒட்டிய மரத்தூசியைத் தட்டிக்கொண்டு, தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை முப்பது வருடம் மேய்த்தவரிடம் கூத்தாடப் போனது அவள் பிழைதான்.

இரண்டு நாள் கழித்துக் கோடரியோடு திரும்பவும் போனாள். மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மரத்துக்குக் காது உண்டா என்று கேட்டால் இல்லையென்றுதான் சொல்வாள். ஆனால் தான் சொன்னதைத் தன் காதால் கேட்டவள் அவள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

நவரட்ணராஜா திரும்பி வந்து மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாக்குக் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னபோது, "ஆருக்கு, மரத்துக்கோ?" என்று கேட்டுவிட்டு, பீலியைத் துப்புரவாக்க ஏணியைத் தேடிப் போனார்.

மழை வந்தது. முருங்கைக் குற்றி, வேலிக் கம்பு, ரோட்டோரம் விழுந்த சுள்ளி என்று கிடைத்ததையெல்லாம் அடுப்பு வாயில் உலர்த்தி எரித்தாள். அப்படியும் நவம்பரில் ஒன்பது நாள் இடியப்பம் அவியவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடை கீழ்த்தெருக்காரியிடம் போய்விட்டது. கோபம் வரும்போதெல்லாம் வடிவம்மா அந்த மரத்தைத் திட்டினாள். மற்ற நேரங்களில் டீச்சரைத் திட்டினாள்.

தை மாதம் மரம் பூத்தது. பூக்கிற மரமெல்லாம் காய்க்குமா என்று அவள் அசட்டை பண்ணினாள். ஜூனில் ஒரு காலை நவரட்ணராஜா மூச்சு வாங்க அவள் வீட்டுப் படிகளில் ஏறி வந்தார். காய்ப் பாரம் தாங்காமல் அவகாடோவில் இரண்டு கொப்புகள் நிலத்தைத் தொட்டுவிட்டன, முட்டுக் கொடுக்கக் கவர்க்கம்பு ஒன்று இருக்குமா என்று, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார். கொட்டிலில் இருந்த ஒரே நல்ல மாங்கம்பை அவள் உருவிக் கொடுத்தாள், காய் இறக்கியதும் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டளையோடு.

ஆகஸ்டில் அவரே கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு முச்சக்கர வண்டி. முறிந்த கொப்புகளையும் கழித்த கொப்புகளையும் அடுப்பு அளவுக்குத் தன் கையாலேயே அறுத்து ஏற்றியிருந்தார். மேலே ஒரு கூடை அவகாடோ. எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் அவர் போகவில்லை.

"பின் வளவில ஒரு மா நிக்குது. ஆறு வருசமாக் காய்க்கேல்லை. ஒருக்கா வாறீங்களோ? இந்த முறை நான் மறிக்கிறன்."

வடிவம்மா ஒரு கட்டையை எடுத்து வெடிப்புப் பார்த்தாள்.

"வர்றேங்க ஐயா. ஆனா கோடரிய நீங்க புடிங்க. மறிக்கிறது நான்."