செக்யூரிட்டி பிச்சையாவும் ஓரங்கட்டிய டேப்லெட்டும்

ஒரகடத்தில் ஒரு கார் சீட் கம்பெனி. அதன் கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி பிச்சையா மேல் எனக்கு இரண்டு மூன்று வருஷக் கடுப்பு. நான் தண்ணி லாரி ஓட்டுகிறவன். மண்ணூரிலிருந்து தினமும் அங்கே ஒரு லோடு இறக்க வேண்டும். ஹாரன் அடித்தால் உடனே எழுந்து வந்து கேட்டைத் திறப்பார், அதில் குறை கிடையாது. ஆனால் அவர் உட்காரும் கேபின் பக்கமாகப் போய், "இன்னாபா, சாப்ட்டியா?" என்றால் திரும்பக்கூட மாட்டார். முகம் எப்போதும் மேஜையில் சாய்த்து வைத்த டேப்லெட்டில்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு படம் பார்க்கிறான், நமக்கு ஒரு பதில் சொல்ல வாய் வலிக்கிறது என்று நானும் பேச்சை விட்டுவிட்டேன்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் என் கிளீனர் வரவில்லை. தரைத்தொட்டி மூடியைத் திறந்து வை என்று பிச்சையாவுக்குச் சைகை காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். திறந்துவிட்டு ஒதுங்கியிருப்பார் என்று நினைத்து, ஹாரனை அடித்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் நீலச் சட்டை தெரிகிறது. மனுஷன் குனிந்து மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். லாரிக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

பிரேக்கை ஓங்கி மிதித்தேன். உள்ளே தண்ணீர் அலம்பி லாரியே ஆடியது. அதற்கும் அவர் திரும்பவில்லை. இறங்கி ஓடிக் கத்தினேன். கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது. அவர் மூடியை நெம்பிக்கொண்டேயிருந்தார். தோளைத் தொட்ட பிறகுதான் துள்ளித் திரும்பினார்.

"யோவ், ஹாரன் காதுல வுழல?"

என் வாயையே உற்றுப் பார்த்தார். "விழாது அண்ணாச்சி," என்றார், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோல.

டயரில் சாய்ந்து நின்றுவிட்டேன். அவர்தான் என் கையைப் பிடித்துக் கேபினுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். சாக இருந்தவர் அவர், தண்ணீர் குடித்தது நான்.

டேப்லெட்டில் படம் எதுவும் ஓடவில்லை. மீட்டர் போல ஒரு முள் ஆடிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு கண்டெய்னர் போனது. முள் பாதி ஏறி இறங்கியது.

"நம்ம கேட்டுல ஹாரன் அடிச்சா செவப்புக்குப் போயிரும். நான் எந்திரிச்சிருவேன்."

வருகிறவர்கள் பெயரைப் பதிய வாங்கிய டேப்லெட் அது. அந்த மாடலே இப்போது வருவதில்லை, புது ஆப் எதுவும் ஏறாது என்று கம்பெனி ஓரங்கட்டிவிட்டது. சேஃப்டிக்காரர்கள் எப்போதோ மிஷின் சத்தத்தை அளக்க ஏற்றிய ஆப் மட்டும் உள்ளே கிடந்திருக்கிறது. அதை இவர் காதாக வைத்துக்கொண்டார். டியூட்டியில் செக்யூரிட்டி கையில் போன் கூடாது. இந்தக் குப்பையை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பேட்டரி செத்துவிட்டதால் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கேபினை விட்டு இறங்கினால் அந்தக் காதும் கிடையாது.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மீசை முளைத்த வயதில் இங்கே வந்து, தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்திருக்கிறார். பிறகுதான் இந்த கேட்டுக்குச் செக்யூரிட்டியாக வந்தார்.

"காதுல பஞ்சு வச்சா எடுக்கச் சொல்லுவாவ. சூப்பர்வைசர் கூப்பிடுறது கேக்காதாம்லா. இப்ப யாரு கூப்பிட்டாலும் கேக்கல. முழுசாப் போயி மூணு வருசம் ஆச்சு." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வூட்டுல தெரியுமா?" வாயை அகலமாகத் திறந்து கேட்டேன்.

"பொண்டாட்டி பேச்சி ஊர்ல இருக்கா, அவளுக்குத் தெரியாது. ஊருக்குப் போனா உதட்டப் பாத்துச் சமாளிச்சிருவேன். போன் போட்டா நானே பேசிக்கிட்டு இருப்பேன். அவளுக்கு எடமே குடுக்காம வச்சிருவேன். அப்பாவுக்கு வாய் நீண்டுட்டுன்னு அம்மா வையுதான்னு மக எழுதி அனுப்புதா."

மூன்று வருஷமாகக் கட்டினவளின் குரலைக் கேட்கவில்லை இந்த மனுஷன். அவளோ இவர் வாயாடியாகிவிட்டார் என்று வைதுகொண்டிருக்கிறாள். எனக்குக் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"இன்னிக்கு நான் பிரேக் போட்டேன். நாளிக்கு எவனாச்சும் ட்ரெய்லர்காரன் ஏத்திட்டுப் பூடுவான். நீயே போய் மேனேஜர்கிட்ட சொல்லிடு. இல்லாங்காட்டி நான் சொல்லிடுவேன்."

"சொன்னா அனுப்பிருவாவ அண்ணாச்சி. பிள்ள நர்சிங் படிக்கா."

"நீ செத்தா மட்டும் படிச்சிருவாளா?"

முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் லோடை இறக்கினேன். லோடு சீட்டில் கையெழுத்து வாங்கத் திரும்பி வந்தபோது, தலையை வாரிச் சட்டையைச் சரியாக உள்ளே விட்டுக்கொண்டு கேபினுக்கு வெளியே நின்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மேனேசருக்கு மீச பெருசு, உதடு தெரியாது. அவரு பேசுறது எனக்கு ஒண்ணும் வெளங்காது. நீங்களும் உள்ள வாங்க அண்ணாச்சி. எனக்கு எதுக்க நின்னு, அவரு சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. வேல இல்ல, போன்னு சொன்னாருன்னா அதயும் சொல்லணும். நல்லதா மாத்திச் சொல்லிராதீய."