சாவிக்கடை அக்காவின் டிரம்ஸ் தீர்ப்புகள்

சாவியை இடுக்கியில் மாட்டிச் சக்கரத்தை ஓடவிட்டதும் அக்கா சாவியைப் பார்க்க மாட்டார். போகிற வருகிறவர்களைப் பார்ப்பார். பல் வெட்டி முடிந்ததா என்பதைச் சத்தமே சொல்லிவிடுமாம். கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும் சக்கரம் ஒரு கட்டத்தில் மெலியும், அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்து, பிரஷ்ஷால் பித்தளைத் தூளைத் தட்டிவிட்டு, "பூட்டுல போட்டுப் பாத்துட்டு வந்து நன்றி சொல்லுங்க" என்று நீட்டுவார். ரயில் நிலையச் சுரங்கப்பாதையின் வாயிலில், அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய கடையில், இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவருடைய தொழில்.

வயது ஐம்பத்து நான்கு. வெற்றுச் சாவிகள் வரிசையாகத் தொங்கும் பலகைக்கு மேலே ஒரு ராக் குழுவின் சுவரொட்டி இருக்கிறது. படத்தில் நான்கு பேர். முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பாடகரின் மேல் கடையின் விலைப்பட்டியலை ஒட்டிவைத்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரர் மட்டும் முழுசாகத் தெரிவார். அது தற்செயல் இல்லை.

"பாடறவன் தப்பு பண்ணா கூட்டம் சேந்து பாடி மூடிரும். டிரம்ஸ்காரன் தப்பு பண்ணா மூட ஆளே கிடையாது."

கச்சேரிக்குப் போனால் மேடையைப் பார்த்தபடி வலது ஓரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அங்கிருந்துதான் டிரம்ஸ்காரரின் இடது கால் தெரியுமாம். அந்தக் கால்தான் ஜால்ராபோல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைத் தட்டை மூடித் திறக்கிறது. ஒருவன் வாசிக்கத் தெரிந்தவனா, உதைக்கத் தெரிந்தவனா என்பது அதில் தெரிந்துபோகுமாம். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தால் கோபம் வந்துவிடும். "பஞ்சு வெச்சுக் கேக்கறதுக்கு வீட்லயே போத்திக்கிட்டுப் படுக்கலாம்" என்பார். பாட்டு முழுக்க அசையாமல் நிற்பார். பிடித்திருந்தால் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவார். அவ்வளவுதான் அவருடைய ஆட்டம்.

தீர்ப்புகள் எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. டிரம்ஸ்காரர் தனியாகப் பத்து நிமிடம் வெளுத்து வாங்கினால் கூட்டம் கத்தும். இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். "தனியா வாசிக்கறப்ப எல்லாரும் பெரிய ஆளுதான். பாட்டுக்குள்ள அடங்கி வாசிக்கட்டும், பாப்போம்." ஸ்டூடியோவில் பதிவு செய்ததை மதிக்கவே மாட்டார். "அது கல்யாண போட்டோ. குடும்பம் எப்பிடி நடத்தறாங்கங்கறது மேடையிலதான் தெரியும்." எனக்கு கிடார் பிடிக்கும். அதனால் என்மேல் அவருக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. "எழுத்தாளரே, நீ ஸ்டூல்ல உக்காந்து காபி குடி" என்று ஓரங்கட்டிவிடுவார்.

அவருக்குச் சரியான ஜோடி ஒரு பஸ் டிரைவர்தான். எட்டு வயது இளையவர். சனிக்கிழமை மதியம் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே கிடைக்கும் முக்கால் மணி நேரத்தைப் பதினோரு வருடமாக இந்தக் கடை முன்னால் நின்று சண்டை போட்டே கழித்திருக்கிறார். டிரைவருக்கு வேகம் வேண்டும். இரண்டு காலாலும் பெரிய டிரம்மை உதைக்கிறவர்தான் அவர் அகராதியில் மனிதர். "வண்டியில வேகம் போக விடமாட்டேங்கறாங்க, அதான் பாட்டுல தேடற" என்று அக்கா சொல்வார். "உங்களுக்குத் தூங்கவைக்கிறவன்தான் டிரம்ஸ்காரன்" என்று டிரைவர் திருப்பிக் கொடுப்பார். ஒரு தடவைகூட ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொண்டதில்லை. இருவருக்கும் சனிக்கிழமை இல்லாவிட்டால் வாரம் ஓடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தச் சுவரொட்டிக் குழுவிலிருந்து பழைய டிரம்ஸ்காரர் போன வருடம் விலகினார். அவர் இடத்தில் ஒரு புதியவர். புதியவரின் முதல் கச்சேரிக்கு அக்காவால் போக முடியவில்லை. அன்றுதான் வீட்டுக்காரருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. டிரைவர் போய்வந்தார். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு வெளியானதும் ஒரு சனிக்கிழமை சின்ன ஸ்பீக்கரோடு வந்து, கல்லா மேசையில் வைத்துப் போட்டார். அந்தக் கச்சேரிக்கு முன் யாரும் கேட்டிராத புதுப் பாட்டு. மெதுவான கிடார், கூடவே இரட்டைத் தட்டில் மழைத்தூறல் மாதிரி மெல்லிய தட்டல். இரண்டு நிமிடம் கழித்துத்தான் பெரிய டிரம் நுழைகிறது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் முகமெல்லாம் மலர்ச்சி.

"பரவால்லயே! ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே தொடாம கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு. பெரிய பெரிய ஆளுங்களுக்கே கை சும்மா இருக்காது. இவன் பொறுமைக்காரன்."

டிரைவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே, "ஆமாக்கா. நல்லாத்தான் அடங்கி வாசிக்கறான்" என்றார்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருடத்தில் முதல் 'ஆமாக்கா' அது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் காபி டம்ளருக்குள் எதையோ தேடினேன். அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து, அந்த மாதம் சரியில்லை என்று திரும்பி வந்திருந்த ஆறு சாவிகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பல் ஒரு மயிரிழை ஆழமாக வெட்டியிருந்தது. சத்தம் மெலிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காது டாக்டரிடம் போனார். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்காரரும் துணைக்குப் போனார். அங்கேதான் அவர் வாயைத் திறந்தாராம்: "ரெண்டு மாசமா குக்கர் விசிலை நான்தான் எண்ணிட்டிருக்கேன். உனக்கு மறதின்னு நெனச்சேன்." அக்கா இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். டாக்டர் கொடுத்த தாளையும் காட்டினார். ஒரு கோடு மேசைபோல் நேராகப் போய், வலது பக்கம் படிக்கட்டில் உருண்டமாதிரி இறங்குகிறது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும். மெலிந்த, உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன. காதைக் கெடுத்ததில் சக்கரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பாதிப் பாதிப் பங்கு. இத்தனை நாள் தெரியாமல் போனதற்குக் காரணம், பழைய பாட்டுகளை ஞாபகம் வாசித்துக் காட்டியது. கச்சேரிகளில் கண் வாசித்துக் காட்டியது. காதில் வைக்கும் மெஷினுக்குச் சொல்லியிருக்கிறார்கள், வர ஒரு மாதம் ஆகும்.

"அத வெச்சா இரட்டைத் தட்டு கேக்குமான்னு கேட்டேன். கேக்கும், ஆனா நீங்க நெனச்சிருக்கற மாதிரி இருக்காதுன்னுட்டார். டாக்டருக்கு நான் என்ன நெனச்சிருக்கேன்னு எப்பிடித் தெரியும்?"

இப்போது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாவியைப் பார்த்துத்தான் வெட்டுகிறார். நேரம் கொஞ்சம் அதிகமாகிறது. சாவி ஒன்றும் திரும்பி வரவில்லை. தொழில் தப்பித்தது. தப்பிக்காதது சனிக்கிழமைதான். டிரைவர் ஒழுங்காக வந்தார், ஒழுங்காக நின்றார், அக்கா எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்றார். இரண்டு காலால் உதைக்கிறவர்களை அக்கா வேண்டுமென்றே கேவலமாகத் திட்டிப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அந்த மனிதர் நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் காது போனதைவிட இதுதான் அக்காவுக்கு வலித்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பொறுக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா வெடித்தார்.

"எனக்கென்ன, செத்தா போயிட்டேன்? துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி தலைய ஆட்டிட்டு நிக்கற!"

"இல்லக்கா, உங்களுக்குத்தான் சரியா..."

"கேக்கல. தெரியும். கேக்காததப் பத்தி நான் உளறினா உளர்றேன்னு சொல்லு. அதுக்குத்தானே பதினோரு வருஷமா வர்ற?"

டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புதுப் பாட்டப் போடு" என்றார் அக்கா. ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இடது கையைப் புறங்கை மேலே தெரிய மேசைமேல் வைத்தார். "அவன் தட்டறத அப்பிடியே இதுல தட்டு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

டிரைவர் தயங்கினார். பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல் அது. பாட்டு ஆரம்பித்ததும் ஆள்காட்டி விரல் நுனியால் அக்காவின் புறங்கையில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். சாவி வாங்க வந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். அக்கா கண்ணை மூடவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போனது.

"இங்க அவசரப்படறான்" என்றார்.

"சரிக்..." டிரைவர் நிறுத்தினார். விரல் மட்டும் நிற்கவில்லை. "இல்லக்கா. அவன் கடிகாரம் மாதிரி போறான். நீங்க சொல்றது தப்பு."

"தப்பா?"

"சுத்தத் தப்பு."

பெரிய டிரம் நுழைந்தது. அக்கா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. வலது கையை நீட்டிப் பாட்டை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். இடது கை வைத்த இடத்திலேயே இருந்தது.