எழுத ஆள் இல்லாத கட்டம்

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டால், சில்லுகளைத் தானே பொறுக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டி அடி வாங்குவாள். ஒளித்துவைப்பது நான்தான். அதனால் இதில் ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி, அக்கா என்னிடம் சொன்னது. மீதிக்கு நானே சாட்சி.

அக்காவும் அத்தானும் மலைமேல் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார்கள். மரங்களே வளராத உயரம். தகரக் கூரை போட்ட நான்கு அறைகள், ஓர் அடுப்பு, ஒரு ரேடியோ. கோடையில் மட்டும்தான் அங்கே ஆள் இருக்கும். சரிவில் குறித்துவைத்த அதே கட்டங்களில், அதே செடிகளை, வருடா வருடம் எண்ணுவதுதான் வேலை. முப்பது வருடமாக எண்ணுகிறார்கள். எந்தச் செடி மேலே ஏறுகிறது, எது காணாமல் போகிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவருமாம்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. நூறு துளை போட்ட ஒரு சட்டத்தைக் கட்டத்தின்மேல் வைப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் நீளமான கம்பி ஊசி ஒன்றை இறக்க வேண்டும். நுனி எதைத் தொடுகிறதோ அதை ஒருவர் சொல்வார். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். திருப்பிச் சொல்லும்வரை ஊசியை எடுக்கக் கூடாது.

சொல்வது அக்கா. எழுதுவது அத்தான். பதினேழு கோடைகள் அப்படித்தான்.

"மெத்தைச் செடி."

"மெத்தைச் செடி."

"கல்."

"கல்."

நிலையத்துச் சமையல்காரர் கேலி செய்வாராம். "வீட்லயும் இப்படித்தானா? அம்மா 'உப்பு'ன்னா, சார் 'உப்பு'ன்னு சொல்லிட்டுத்தான் போடுவாரா?"

அத்தான் சும்மா திருப்பிச் சொல்கிற ஆள் இல்லை. போன வருடத்துத் தாளையும் மடியில் வைத்திருப்பார். அக்கா அசந்துபோய் எதையாவது மாற்றிச் சொல்லிவிட்டால், "ம்ஹும்... அங்க இருந்த கல்லு எழுந்து நடந்து போயிடுச்சா?" என்று சிரிப்பார்.

பதினேழாவது கோடை முடிந்து வந்த குளிர்காலத்தில் அத்தான் இறந்தார். மலையில் இல்லை. ஊரில், ஆஸ்பத்திரியில், நிமோனியாவில், நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க. அதில் மர்மம் எதுவும் இல்லை.

கோடை வந்ததும் அக்கா மேலே போனாள். துணைக்கு வந்த மாணவி கடைசி வாரத்தில் காய்ச்சலோடு கீழே இறங்கிவிட்டாள். ஒரே ஒரு கட்டம் பாக்கி. இரவு பனி விழும் என்று வானிலைச் செய்தி.

"விட்டுடுங்கம்மா, ஒரு கட்டம்தானே?" என்று நிலையத் தலைவர் ஊரிலிருந்து ரேடியோவில் சொன்னார்.

"ஒரு வருஷம் விட்டா கணக்கே அறுந்துடும், அப்புறம் அது வெறும் புல்லு சார்," என்றாள் அக்கா.

அத்தான் போன பிறகு அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒன்றைத்தான். அதுவும் அறுந்தால் அவள் என்ன ஆவாள் என்று எனக்கே பயமாக இருந்தது.

எழுத ஆள் இல்லாததால் ஒரு சின்ன ரெக்கார்டரைச் சட்டத்தின் மூலையில் கட்டிவைத்தாள். மதியம் இரண்டரைக்குத் தொடங்கினாள்.

"கோரை," என்றாள்.

கை ஊசியை எடுக்கவில்லை.

பதிலுக்காக நின்றது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு எடுத்தாள். அடுத்த துளையிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். சொல்வாள்... காத்திருப்பாள்... எடுப்பாள்.

இரண்டு வரிசை முடிந்தபோது மூடுபனி ஏறி வந்தது. முதலில் நிலையத்துக் கூரை மறைந்தது. பிறகு பாதை. பிறகு, கை எட்டும் தூரத்தில் வைத்திருந்த அவளுடைய பை. காற்று நின்றது. அந்தச் சரிவில் காற்று நிற்கவே நிற்காது.

"நீலப்பூ."

"...நீலப்பூ."

பின்னால், இடது பக்கம். அத்தான் உட்காரும் இடம்.

அக்கா திரும்பவில்லை. அசைந்தால் ஊசி நகர்ந்துவிடும், அதனால்தான் என்றாள் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "திரும்பினா இருக்க மாட்டார்னு பயந்தேன்டி," என்றாள்.

ஊசியை எடுத்து அடுத்த துளையில் இறக்கினாள்.

"கல்."

"கல்."

அவருடைய குரலேதான். நோய்க்கு முந்தின குரல். வேலை வேகம் பிடித்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நல்ல பசி எடுத்தது என்றாள்.

இடுப்பில் ரேடியோ கரகரத்தது. சமையல்காரர். "அம்மா, மூடிக்கிட்டு வருது. கிளம்புங்க."

"இன்னும் கொஞ்சம்தான்."

"அப்புறம் வழி தெரியாதும்மா. இப்பவே..."

அணைத்துவிட்டாள்.

விரல்கள் மரத்துப்போயின. முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஒரு தப்பு செய்தாள். கண் கலங்கியிருந்தது. கல்லைப் போய் "பாசி" என்றுவிட்டாள்.

"பாசி."

ஊசியை எடுத்த பிறகுதான் உறைத்தது. அத்தான் இதை விட்டிருக்க மாட்டாரே...

அடுத்த துளை. நுனி கோரையில் நின்றது. அக்கா வேண்டுமென்றே சொன்னாள்.

"ரோஜா."

சிரிப்பார் என்று காத்திருந்தாள்.

"ரோஜா."

சிரிப்பு இல்லை.

அக்கா திரும்பாமலே கூப்பிட்டாள்.

"என்னங்க...?"

கை ஊசியை எடுக்காமல் காத்திருந்தது.

"என்னங்க."

அத்தானின் குரல். அத்தான் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. அவரைக் கூப்பிட அவள் வைத்திருந்த வார்த்தை.

இந்தத் தடவை, காதருகில்.

ஓடினாள்.

சட்டம், ஊசி, ரெக்கார்டர் எல்லாம் அங்கேயே கிடந்தன. பாதி வழியில் சமையல்காரர் டார்ச்சோடு எதிரே வந்தார். அடுப்பருகே உட்காரவைத்து, வெந்நீர்த் தம்ளரை அவள் கைகளுக்குள் திணித்தார். அன்றிரவு விழுந்த பனி எல்லாவற்றையும் மூடியது.

அடுத்த கோடையின் தொடக்கத்தில், பனி உருகியதும் ரெக்கார்டர் கிடைத்தது. நிலையத் தலைவர் அதைக் கேட்டுவிட்டு அக்காவுக்கு அனுப்பிவைத்தார். போனிலும் பேசினார். "நல்லவேளைம்மா, நூறும் சொல்லி முடிச்சிருக்கீங்க. நடுவுல ரோஜான்னு விளையாடினதை மட்டும் சரி பண்ணிக்கிறோம்."

அக்கா அறுபதாவது துளையோடு விட்டுவிட்டு ஓடிவந்தவள்.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கேட்டோம். அக்காவின் குரல். இடைவெளி. குரல். இடைவெளி. பதில் எங்கேயுமே இல்லை. நின்றுபோனது என்றாளே, அந்தக் காற்று பதிவு முழுக்க வீசிக்கொண்டிருந்தது. "ரோஜா." காற்று. "என்னங்க...?" காற்று. கல்லில் தடதடவென்று ஓடும் பூட்ஸ் சத்தம்.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. நிறுத்தப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"கோரை."

அக்காவின் குரல். ரெக்கார்டரிலிருந்து.

அந்த இடம் பதிவான நேரம் என்று ரெக்கார்டர் காட்டியது, மாலை ஐந்து பத்து. சமையல்காரரை அப்போதே போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு அஞ்சு மணிக்கா? என் கண்ணு முன்னாடிதாம்மா இருந்தாங்க. அடுப்புகிட்ட."

"நீலப்பூ..."

"கல்..."

ஒவ்வொன்றுக்கும் பிறகு அது காத்திருந்தது.

எதிரே அக்காவின் உதடு அசைந்தது. "கல்," என்றாள், மெதுவாக.

"அக்கா, வேண்டாம்."

அவள் கேட்கவில்லை. அது சொல்லச் சொல்ல, இவள் திருப்பிச் சொன்னாள். கடைசி வரிசை வந்தது.

"மண்."

அக்கா மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "அந்த ஓரத்துல மண்ணே கிடையாதே. நல்லாப் பாரு."

காற்று...

காற்று...

"கோரை," என்றது ரெக்கார்டர்.

போன வருடம் பதிவானது அது.

பிறகு தனியாக எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்த இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது. மற்ற இடைவெளிகளைவிட நீளம். அக்கா பேசி முடிக்கிற அளவு நீளம்.

அந்த வாரமே அவள் கிளம்பினாள். வாசலில் பையைப் பிடுங்கிவைத்துக்கொண்டு அழுதேன். "அது அத்தான் இல்லன்னு நீயேதானே சொன்ன?"

"அவர் இல்லதான்டி. எனக்குத் தெரியாதா?" என்று என் தலையைத் தடவினாள். "ஆனா அங்க சொல்ல ஆள் இருக்கு. எழுதத்தான் யாரும் இல்ல."

கோடை முடியும் சமயம், இருட்டியும் திரும்பாத அக்காவைத் தேடிப்போனவர் சமையல்காரர்தான். அதே கட்டம். குளிரில் இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அக்கா சட்டத்தின் அருகே இல்லை. பின்னால், இடது பக்கம், அத்தான் உட்காரும் இடத்தில், மடியில் எழுதும் பலகையோடு சாய்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்தால் ஊசியின் நுனி கண்ணுக்குத் தெரியாது. அன்று நிலையத்தில் இருந்தது சமையல்காரர் மட்டும்தான்; ஊசி இறக்கிச் சொல்ல அக்காவோடு யாரும் போகவில்லை.

தாளில் நூறும் எழுதியிருந்தது. அக்காவின் கையெழுத்து.

துக்கம் விசாரிக்க வந்த தலைவர், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து ஒன்றைச் சொன்னார். பனி விழுவதற்குள் இரண்டு பேர் போய் அந்தக் கட்டத்தை மறுபடி எண்ணிச் சரிபார்த்தார்களாம்.

நூற்றில் ஒன்றுகூடத் தப்பில்லை.