பிரேக்கம்மா வீட்டு மேசைக்கு என்ன பூச்சு?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. தன் பக்கத்து பிரேக்கில் எந்நேரமும் கால் வைத்திருப்பதால், பழக வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. புதுக் காரோடு யாராவது வந்தால், முதல் வேலையாக இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பரபரவென்று கிழித்துவிடுவாள்.

"காரை வாங்கினீங்களா, உறையை வாங்கினீங்களா? உட்காருங்க!"

அப்படிப்பட்டவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேலேயே பிளாஸ்டிக் விரிப்பு! மாமியார் போட்ட சட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முழங்கை ஒட்டி ஒட்டிப் பிரிய, அதில்தான் சாப்பாடு. பழைய மேசை கால் ஒடிந்து, தச்சரிடம் புதிது செய்யச் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மேசையிலாவது மரத்தைத் தொட்டுச் சாப்பிட்டே தீருவது!

மாமியார் லேசில் விடுவாரா? புது விரிப்பு ஒன்றை வாங்கி, சுருட்டியபடியே கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்.

"ஒரு கறை விழட்டும். அன்னைக்கே விரிச்சிடுவேன்."

"எதுக்கும் அசராத பூச்சா அடிச்சிட்டா, அத்தை?"

"அடிச்சுக் காட்டு. அப்புறம் பேசலாம்."

அவ்வளவுதான்! தச்சரிடம் மிச்சப் பலகையில் மூன்று துண்டு கேட்டு வாங்கினாள். ஒன்றுக்குப் பாலிஷ், ஒன்றுக்குக் கண்ணாடியாய் மின்னும் பி.யூ. வார்னிஷ், ஒன்றுக்கு மரத்துக்குள்ளேயே ஊறிவிடும் மெழுகெண்ணெய். நன்றாகக் காய்ந்ததும் மூன்றையும் மாமியார் முன்னால் பரப்பினாள்.

"உங்க கைவரிசையைக் காட்டுங்க."

மாமியார் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். கொதிக்கும் பாத்திரத்தை ஒவ்வொன்றின் மேலும் வைத்தார். பாலிஷில் வெள்ளை வளையம்.

"முதல் ஆள் அவுட்டு!" என்றான் நடுவராகிவிட்ட கணவன்.

டீ, எலுமிச்சைச் சாறு, பீட்ரூட் சாறு. பி.யூ. துடைத்த கையோடு பளிச்சென்றது. மெழுகெண்ணெயில் மட்டும் லேசாகச் சிவப்பு. பிரேக்கம்மா குதித்தாள்.

"அத்தை, விரிப்பைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"இரும்மா, என்ன அவசரம்?" மாமியார் சாவிக்கொத்தை எடுத்தார். பிரேக்கம்மாவின் கால் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக் பிடிக்கவில்லை. சர்ரக்! மின்னிய பி.யூ.வில் வெள்ளைக் கோடு. மெழுகெண்ணெயிலும் ஒரு கீறல்.

"மூணும் போச்சு," என்று மாமியார் கதவுப் பக்கம் நடந்தார்.

அவள் பதறிப்போய்த் தச்சருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல்: "பி.யூ. கீறிச்சுன்னா மொத்தப் பலகையையும் தேய்ச்சுத் திரும்ப அடிக்கணும்மா. எண்ணெய்ப் பலகைன்னா கெட்டுப்போன இடத்தை மட்டும் உப்புத்தாளால தேய்ச்சு, ரெண்டு சொட்டு விட்டுத் துடைங்க. ஆறின பாத்திரமா வைங்க, வருஷத்துக்கு ஒருதரம் எண்ணெய் காட்டுங்க, போதும்."

மாமியார் பாதி வழியில் நின்றார். "அந்தத் தாளை இப்படிக் குடு."

தேய்த்தார். எண்ணெய் விட்டார். கீறலும் போனது, சிவப்பும் போனது! நம்பாமல் மறுபடி தானே கீறி, தானே தேய்த்தார். அதுவும் போனது. முகமெல்லாம் பல்.

"கறையே விழக் கூடாத மேசைன்னா நான் ராப்பகலா காவல் காக்கணும். இதுல விழுந்தா விழட்டும், நான் பாத்துக்கறேன்!"

"அப்ப தீர்ப்பு?" என்றான் நடுவர்.

"எண்ணெய்தான்!" இரண்டு பேரும் ஒரே குரலில்.

மேசை பூச்சில்லாமல் வந்து இறங்கியது. எண்ணெய் டப்பாவைத் திறந்து நிமிர்ந்தால், மாமியார் கையில் அந்தச் சுருள்! பிரேக்கம்மாவின் கால் மறுபடி தரையை மிதித்தது.

"அத்தை!"

"ஏன் பதறறே? தரையெல்லாம் எண்ணெய் சொட்டாதா?" குனிந்து, விரிப்பை மேசைக்கு அடியில் உருட்டிவிட்டார் மாமியார். "ம், ஆரம்பி. இந்தப் பக்கம் என்னுது."