தழையோடு வந்த வெண்பா

போன வாரம் ஒரு சாயங்காலம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடியில் துணி காய்கிறதே என்று வீட்டுக் குழுவில் ஒரு செய்தி போட நினைத்தேன். பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியை என் மகள் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். 'மழை வருது, துணிய எடுங்க' என்றேன். 'மலை வருது, துணிய எடுங்க' என்று எழுதி, என்னைக் கேட்காமலேயே அனுப்பியும்விட்டது. எந்த மலைப்பா, பச்சைமலையா என்று மகள் பதில் போட்டாள். பச்சைமலை கிளம்பி வந்தால் துணியை எடுத்து என்ன பிரயோசனம் என்று அவள் அம்மா கேட்டாள். இப்படி ஆளாளுக்குக் கேலி செய்துகொண்டிருந்ததில் துணி முழுக்க நனைந்துவிட்டது.

போனைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு ழகரம் வராது. விக்கிரமங்கலத்தில் நான் வளர்ந்த தெருவில் யாருக்குமே வராது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்லியே தார் தாராகத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தத் தெருவில் வேறு யாரும் ஒரு கவிதைக் கழகத்துக்கு இணைச் செயலாளராக இருந்ததில்லை. நான் இருந்தேன். 'கவிதைக் களகத்துலேருந்து பேசுறேங்க' என்று நான் போனில் ஆரம்பித்தாலே எதிர்முனையில் ஒரு சிரிப்புக் கேட்கும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் வேலை. சட்டை, புருவம், சோற்று டப்பா எல்லாம் வெள்ளைத் தூசி. மிச்ச நேரத்துக்குக் கழகம். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்ததில் எங்கள் லெட்டர்பேடுதான் ரொம்ப அவதிப்பட்டது. கடைசியில் அலுத்துப்போய் 'இருமாவட்டக் கவிதைக் கழகம்' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டோம். இனி யார் பிரித்தாலும் சேர்த்தாலும் எங்களை ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு தெம்பு.

தலைவர் நடேசன் உரக்கடை வைத்திருந்தார். காலையில் யூரியா, பொட்டாஷ். மாலையில் நேரசை, நிரையசை. புதுக்கவிதை அவருக்குப் போலி உரம் மாதிரி, பார்த்தாலே மூக்கைச் சுளிப்பார். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ழகரம் சரியாக வராதவன் கழகத்து மைக்கைத் தொடக்கூடாது.

எனக்கோ இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான். ஆண்டு விழாவில் அந்த மைக்கில் என் கவிதையை வாசிக்க வேண்டும். கல்லெடுத்த குழியில் தேங்கிய தண்ணீரைப் பற்றிய கவிதை அது. புத்தி கெட்டுப்போய்க் குழி, மழை, ஆழம், நிழல் என்று வரிக்கு வரி ழகரமாகவே எழுதி வைத்திருந்தேன். தலைவர் யோசித்து ஒரு வழி சொன்னார். ஆடி மாதத்தில் மாணவர் பயிலரங்கு நடக்கும்போது மைக்கில் ஒரு ழகரச் சொல்லைச் சரியாகச் சொல்லிக் காட்டினால் ஆண்டு விழாவில் எனக்கு இடம்.

அதற்கப்புறம் எடைமேடையில் ஒரே பயிற்சிதான். நாக்கை மடித்து மடித்துக் குழி, மழை, ஆழம் என்பேன். சீட்டில் எச்சில் தெறிக்கும். நான் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்து லாரி டிரைவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

இந்த நிலைமையில்தான் விக்கிரமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போன் செய்யச் சொன்னார் தலைவர். வெண்பாவில் சீருக்கும் சீருக்கும் நடுவே உள்ள கட்டுக்குத் தளை என்று பெயர். அது பிசகினால் 'தளை தட்டுகிறது' என்பார்கள். பிள்ளைகள் தளையைப் படித்துவிட்டு வரவேண்டும், அதுதான் சேதி. அந்தப் பள்ளியில் தமிழாசிரியர் இடம் காலி. அறிவியல் எடுக்கும் அமுதா டீச்சர்தான் பொறுப்பு. பக்கத்தில் இரண்டு லாரி உறுமிக்கொண்டிருந்ததால் நான் சுருக்கமாக, தளை இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும், இத்தனை நாள் பயிற்சியையும் திரட்டி, நாக்கை நன்றாக மடித்துச் சொன்னேன். வந்தேவிட்டது. என் வாழ்நாளில் முதன்முதலாக ழகரம் சுத்தமாக வந்தது, அது வரக்கூடாத இடத்தில். தழை.

பயிலரங்கு கல்லங்குறிச்சியில், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் சும்மா கிடக்கிற மண்டபத்தைக் கொடுத்திருந்தார்கள். மணமகள் அறையில் நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு விக்கிரமங்கலம் பஸ் வந்து நின்றது. அதன் கூரையில் ஒரு தோப்பே இருந்தது. பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு கட்டுத் தழை. வேம்பு, அகத்தி, ஆவாரை, வாதநாராயணன். ஓர் ஆளின் கட்டில் ஓணானும் இருந்தது. ஆடி மாதம், வேப்பந்தழை, வரிசையாகப் பிள்ளைகள். மாரியம்மனுக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்து எதிரே வந்த ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அமுதா டீச்சரைக் கும்பிட்டார். டீச்சரும் பதிலுக்குக் கும்பிட்டார். பின்னாலேயே நாலைந்து ஆடுகள் மண்டபத்துக்குள் நுழைந்தன.

தலைவருக்கு முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. உரக்கடைக்காரர் நடத்தும் கூட்டத்துக்குத் தழை உரமா? யார் சொல்லி இது என்று மைக்கிலேயே கேட்டார். இணைச் செயலாளர்தான் போனில் சொன்னார், தழை என்று தெளிவாகக் காதில் விழுந்தது என்றார் டீச்சர். தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இவனா? இவனுக்குத் தமிழே தமிள்தானுங்க. தலைகீழா நின்னாலும் ழ வராது. உங்களுக்குத் தளைன்னா என்னான்னு தெரியல, ஆட்டுத் தழைன்னு நெனச்சுக்கிட்டீங்க."

டீச்சருடைய பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். டீச்சர் கையிலிருந்த அகத்திக் கட்டைக் கீழே வைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. நேரே மேடை ஏறி மைக்கைப் பிடித்து, தப்பு என்னுடையது, அன்றைக்கு நான்தான் ழகரம் போட்டுச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அப்படியா? எங்க, சொல்லு பாப்பம்" என்றார் தலைவர்.

நாக்கை மடித்தேன். "தள" என்று வந்தது. இன்னொரு தடவை முயன்றேன். "தள." மூன்றாம் தடவைக்குப் பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து "தள" என்றார்கள். தலைவர் என் தோளைத் தட்டி, பாவம், டீச்சரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறான், நல்ல பையன் என்று சபைக்கு அறிவித்தார். டீச்சர் மேல் விழுந்த பழி அப்படியே இருந்தது. என் பரீட்சையும் அதோடு முடிந்துபோனது.

மத்தியானம் போட்டி. தலைப்பு என்று எதையும் கொடுக்கத் தலைவருக்கு மனசில்லை, எதையாவது எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பள்ளிப் பெண் கோமதி, காலையில் நடந்த பாடத்தை விடாமல் கேட்டிருப்பாள் போல, இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள்.

*தளைகேட்டார் ஐயா தழைகொண்டு வந்தோம்*
*பிழையென்றால் ஆட்டுக்குப் போடு.*

தலைவர் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். மணமகள் அறைக்குப் போய், வந்து, மறுபடி எண்ணினார். எங்குமே தளை தட்டவில்லை. எதுகைதான் இடிக்கிறது, ளகரத்துக்கு ழகரமா என்றார். எங்கள் ஊர் வாயில் சொல்லிப் பார்த்தால் அதுவும் சரியாகவே இருந்தது. கடைசியாக அவருக்கு ஒன்று அகப்பட்டது. பெரியவங்கள 'போடு'ன்னா சொல்றது, 'போடுங்க'ன்னு எழுதத் தெரியாதா என்று கேட்டார்.

"மரியாத குடுத்தா சீர் நீண்டுடுதுங்க சார்" என்றாள் கோமதி.

முதல் பரிசு அவளுக்குத்தான். தலைவரிடம் அந்த நேர்மை இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டீச்சரிடம் அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கட்டுகளில் பாதியை அதற்குள் ஆடுகள் தின்றிருந்தன.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீச்சர் என் பக்கம் வந்தார். நான் தூசி படிந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குப் போன்ல நல்லாத்தான் சொன்னீங்க சார். என் காதுல இன்னும் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். பிள்ளைகளை எண்ணி ஏற்றிவிட்டு அவரும் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து யாரும் பயிலரங்குக்கு வரவில்லை. ஆண்டு விழாவில் நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். கல்குழிக் கவிதை இன்னும் மைக் பார்க்கவில்லை.

தலைவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. உரக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கழகம் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவாக மட்டும் இருக்கிறது. அதில் மாதம் ஒரு போட்டி நடக்கிறது. கவிதையை அனுப்பி முடிப்பதற்குள் சான்றிதழ் வந்துவிடுகிறது, ஒரு தடவை எனக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே வந்தது. யாரும் தளை பார்ப்பதில்லை. யாரும் யாரையும் திட்டுவதும் இல்லை.

முந்தாநாள் அந்தக் குழுவில் கோமதி ஒரு படம் போட்டிருந்தாள். அமுதா டீச்சர், சுற்றிலும் மாலை. கீழே எல்லோரும் கை கூப்பிய பொம்மையாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. பஸ்ஸுக்கு நின்றபடியே போனை வாயருகே வைத்து 'ஆழ்ந்த இரங்கல்' என்றேன். 'ஆளந்த இரங்கல்' என்று எழுதியது. நாக்கை மடித்து மறுபடி சொன்னேன். 'ஆள் வந்த இரங்கல்' என்றது. எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தேடி அந்த ழகரத்தை அடித்தேன். ஒரு தடவை எனக்கு அது சரியாக வந்தது என்று சொல்ல இருந்த ஒரே ஆளும் இனி இல்லை.