இடி இடிக்காத பின்னேரம்

என் அம்மா விழுந்த அன்று இடி இடிக்கவில்லை. ரவுட்டரின் வயரை நான்தான் வேண்டுமென்றே கழற்றினேன். அண்ணாவிடம் இடி என்று பொய் சொன்னேன். இன்றுவரை அவன் அதை நம்பிக்கொண்டிருக்கிறான்.

சொல்லிவிட்டேன்! இவ்வளவு காலம் தொண்டைக்குள் கிடந்ததை, முகம் தெரியாத உங்களிடம்... சொன்னால் பாரம் குறையும் என்பார்களே, குறையவில்லையே. முழுவதும் சொன்னால் குறையுமோ என்னவோ. கேளுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அண்ணா கனடாவில். அம்மாவுக்கு நடை தளர்ந்த பிறகு நான் வேலையை விட்டு வீட்டோடு நின்றுவிட்டேன். அண்ணா ஹாலில் ஒரு கமராவும் வாசலில் ஒரு கமராவும் பூட்டுவித்தான். அவன் அங்கே கண்விழிக்கும் நேரம் இங்கே பின்னேரம். பல் விளக்கும் முன்பே போனைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். அம்மாவும் அந்த நேரத்துக்கு முகம் கழுவி, திருநீறு பூசி, கமராவுக்கு நேரே கதிரையில் இருந்து கை காட்டுவார்.

அந்த இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க அவன் பட்ட பாடு கொஞ்சமா? கரண்ட் போனாலும் ரவுட்டர் நிற்காதிருக்க ஒரு பற்றரி. லைன் போனால் சிம்மில் ஓடுகிற ரவுட்டர். எந்தச் சாக்குக்கும் இடமில்லை, இடியைத் தவிர. ஐப்பசியில் கொழும்பில் பின்னேரமானால் இடிக்கத் தொடங்கிவிடும். இடித்தால் வீட்டுக்கு வீடு ரீவி வயரையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுவார்கள். ஒருமுறை நாங்கள் கழற்றாமல் விட்டு, மின்னல் ரவுட்டரையும் ஒரு கமராவையும் எரித்துவிட்டது. அதன் பிறகு, இடித்தால் கழற்றிவிடு என்று அண்ணாவே சொல்லிவைத்தான்.

கமராவால் என்ன பயன் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு நாள் நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். ஹாலில் புகை பரவுவதைக் கனடாவில் இருந்து கண்டவன் அண்ணா. உடனே கீழ் வீட்டு அன்ரிக்குப் போன் எடுத்தான். எங்கள் வீட்டுக் கதவின் திறப்பு ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும். ஓடிவந்து அடுப்பை நிறுத்தினார். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பின் ஏன் கழற்றினேன்? எனக்கு மூச்சு முட்டியது! அண்ணா கெட்டவன் அல்லன். அம்மா ஏன் இன்னும் சாப்பிடவில்லை, வாசலில் யார் வந்தது, நீ எங்கே போய் வந்தாய்... எல்லாம் அன்பாகத்தான் கேட்பான். ஆனால் உங்கள் வீட்டில் நீங்கள் தலை வாரும்போதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? முதல் தடவை உண்மையாகவே இடித்தது. வயரைக் கழற்றியதும் மனதில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... அந்த ருசி பொல்லாதது. பிறகு தூரத்தில் முணுமுணுத்தாலே கழற்றினேன். கடைசியில் முணுமுணுக்காமலும்.

அன்று வானத்தில் ஒரு முகில் இல்லை. கடற்கரைக்குப் போய்ச் சும்மா இருக்கவேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போகிறாள் என்று வாசல் கமரா காட்டிவிடுமே! ரீவி மேசைக்குப் பின்னால் குனிந்து, பற்றரியில் இருந்து ரவுட்டருக்குப் போகும் வயரைக் கழற்றினேன். அண்ணாவுக்கு ‘இடி, கழட்டிட்டன்’ என்று போனில் எழுதி அனுப்பினேன்.

“வானம் வெளிச்சுக் கிடக்குது பிள்ளை” என்றார் அம்மா.

“இடிக்குமாம் அம்மா.”

அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். “கவனமாப் போட்டு வா” என்றார். போகப்போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை.

ரயில் பாதையைக் கடந்து, ஒரு கடதாசிச் சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டு, கல்லொன்றில் இருந்து கடலைப் பார்த்தேன். இதையும் மறைக்கமாட்டேன், அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். சூரியன் இறங்குமட்டும் எழும்ப மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா ரீவி மேசையடியில் விழுந்து கிடந்தார். நெற்றியில் புதிதாகப் பூசிய திருநீறு. கையில் அந்த வயர்... மகன் விழித்திருப்பான், தன்னைத் தேடுவான் என்று அதைத் திரும்பக் கொழுவப் போயிருக்கிறார்.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அந்த விரல்களுக்குள் இருந்து வயரை இழுத்தெடுத்து மேசைக்குப் பின்னால் போட்டேன். அதற்குப் பிறகுதான் கீழ் வீட்டு அன்ரியைக் கூப்பிட்டேன். நானும் ஒரு மகளா? எத்தனை தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன்!

ஆஸ்பத்திரியில், தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டொக்டர். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அம்மாவுக்கு அப்போது நினைவு இருந்தது. அண்ணா போனில் வந்தான். அம்மாவின் காதருகே பிடித்தேன். இவ்வளவு நேரம் ஏன் லைனைக் கழற்றி வைத்தீர்கள், தங்கச்சி எங்கே போனாள் என்று அழுதழுது கேட்டான். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு அவனுக்குப் பதில் சொன்னார்.

“இடி ராசா... நான்தான் கழட்டச் சொன்னனான். பிள்ளை மருந்து வாங்கப் போனவள்.”

அதன் பிறகு அம்மா பேசவில்லை. விடியும்போது போய்விட்டார். யாருக்கும் ஒரு பொய் சொல்லி நான் கேட்டறியாத மனுஷி, போகும் வழியில் எனக்காக மூன்று சொல்லிவிட்டுப் போனார். ஐயோ, அம்மா! நீங்கள் என்னை ஏசியிருக்கலாமே...

செத்தவீட்டுக்கு வந்த அண்ணா அந்த ரவுட்டருக்கு முன்னால் தரையில் இருந்தான். “பிழை என்னிலதான் தங்கச்சி. மின்னலுக்கு ஒண்டு பூட்டியிருக்க வேணும். எல்லாம் யோசிச்சனான், அதை யோசிக்கேல்லை” என்று என் தோளில் விழுந்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

திரும்பிப் போகுமுன் மின்னல் தாங்குகிற கருவி ஒன்றைப் பூட்டுவித்துவிட்டுத்தான் போனான். ஹால் கமரா இப்போது அம்மாவின் படத்தைப் பார்க்கிறது. எனக்கு அந்த வீட்டில் கண் மூட முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு சிநேகிதி வீட்டில் இருந்துகொண்டு, பின்னேரங்களில் பஸ் ஏறி வந்து விளக்கேற்றுகிறேன். லைன் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அங்கே அவன் கண்விழித்ததும் முதலில் பார்ப்பது அந்த விளக்கைத்தான்.

நேற்று உண்மையாகவே இடித்தது. கமராவுக்குள்ளால் அண்ணாவின் குரல் வந்தது. பயமென்றால் கழற்றிவிடு, இப்போது அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள் என்றான். வீட்டில் நானும் அந்தக் கமராவும் மட்டும். இதைவிட வேறு தருணம் கிடைக்குமா? வாயைத் திறந்தேன்...

“லைன் நல்லா இருக்குது அண்ணா” என்றேன்.

அவன், “அம்மாவின்ர கதிரையில ஒருக்கா இருந்து கை காட்டுவியா?” என்று கேட்டான்.

இருந்தேன். கை காட்டினேன்.